இரைப்பையை எடுத்த பிறகும் சாப்பாடு செரிப்பது எப்படி?

உங்கள் கேள்வி இதுதான்: மாமாவுக்குப் புற்றுநோய் வந்து இரைப்பையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள், ஒரு வருடம் ஆகிறது. இளைத்திருக்கிறார், ஆனால் சாப்பிடுகிறார், நடக்கிறார், வேலைக்கும் போகிறார். வயிறே இல்லாதவருக்குச் சாப்பாடு எப்படிச் செரிக்கிறது? கூடவே இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடித்தால் அமிலம் நீர்த்துப்போய்ச் செரிமானம் கெட்டுவிடும் என்கிறார்களே, உண்மையா என்று. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. செரிமானம் என்பது வயிற்றுக்குள், அமிலத்தில் நடக்கிற வேலை என்று பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது உண்மையில் எங்கே நடக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்பது.

என் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் பாடம் எடுப்பவள், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அறுவை மருத்துவர் இல்லை. உடம்பு பொதுவாக எப்படி இயங்குகிறது என்பதை என்னால் சொல்ல முடியும். உங்கள் மாமாவுக்கு எதை எதோடு இணைத்துத் தைத்தார்கள், எந்த மருந்து எவ்வளவு என்பதையெல்லாம் அவரைப் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

செரிமானம் என்றதும் நமக்குக் கரைவதுதான் நினைவுக்கு வருகிறது. கரைவது வேறு, செரிப்பது வேறு. ஒரு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிக் குடிக்கிறீர்கள், முழுசாகக் கரைந்துவிட்டது, கண்ணுக்கே தெரியவில்லை. ஆனாலும் அந்த நிலையில் அது குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போகாது. சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குளுக்கோசும் ஒரு ஃபிரக்டோசும் கைகோத்து நிற்கிற ஜோடி. அந்தப் பிடியை வெட்டிவிட்டால்தான் இரண்டும் தனித்தனியாக உள்ளே நுழைய முடியும். செரிமானம் முழுவதுமே இந்த வெட்டு வேலைதான். மாவுச்சத்து என்பது நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் குளுக்கோசைக் கோத்த சங்கிலி. புரதம் அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. கொழுப்பில் ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நீர் மூலக்கூறு செலவாகிறது, அதனால்தான் இதை நீராற்பகுப்பு என்கிறோம். வெட்டுகிற கத்திகளுக்கு நொதிகள் என்று பெயர். வயிற்று அமிலம் இந்தக் கத்திகளில் ஒன்று கிடையாது, அதன் வேலை வேறு. அதற்கு வருகிறேன்.

முதல் கத்தி வாயிலேயே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது, அதில் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டத் தொடங்கும். ஒரு ரொட்டித் துண்டை விழுங்காமல் ஒன்றிரண்டு நிமிடம் மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கும், அந்த வெட்டின் ருசிதான் அது. விழுங்கிய பிறகும் உணவு உருண்டையின் உட்பகுதிக்குள் அமிலம் ஊறிப் போகும்வரை அமைலேஸ் வேலையைத் தொடரும். மெல்லுவதால் கிடைக்கிற இன்னொரு லாபம் பரப்பளவு. நொதி மேற்பரப்பில்தான் வெட்ட முடியும், துண்டு சிறியதாக ஆக வெட்டுவதற்கு இடம் அதிகம். இரைப்பை இல்லாதவருக்கு இது உயிர்நாடியான விஷயம், ஏன் என்று பிறகு பார்ப்போம்.

விழுங்கியது சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய் வழியாகப் பத்து நொடிக்குள் இரைப்பைக்கு வந்துவிடும். இது கீழே விழுவதில்லை, தசைகள் அலை அலையாகச் சுருங்கித் தள்ளுகின்றன; தலைகீழாக நின்றுகொண்டு விழுங்கினாலும் போய்ச் சேரும்.

சரி, இரைப்பை. அதற்கு இவ்வளவு பெயர் ஏன் வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு மனிதரின் கதை இருக்கிறது. 1822 ஜூன் மாதம், அமெரிக்காவில் ஹுரான் ஏரியில் உள்ள மாக்கினா தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளம் தொழிலாளி மீது மிக அருகிலிருந்து துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் சிகிச்சை செய்தார். பிழைக்க மாட்டார் என்று நினைத்தவர் பிழைத்துவிட்டார், ஆனால் காயம் முழுதாக மூடவில்லை. இரைப்பையிலிருந்து வெளியே வயிற்றுத் தோல் வரை ஒரு துளை நிரந்தரமாக நின்றுவிட்டது. 1825 முதல் போமான்ட் அந்தத் துளை வழியாக உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்கி, மணிக்கணக்காகக் காத்திருந்து, வெளியே இழுத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இரைப்பைச் சாற்றை எடுத்துப் புட்டியில் ஊற்றி, உடல் சூட்டில் வைத்து, அதில் போட்ட இறைச்சி கரைவதையும் பார்த்தார். 1833இல் எல்லாவற்றையும் வெளியிட்டார். அறிவியலுக்கு அது பெரிய பாய்ச்சல், ஆனால் அந்த ஏழைத் தொழிலாளி பட்ட பாட்டை நினைக்காமல் என்னால் இந்தப் பாடத்தை எடுக்க முடிந்ததில்லை. அவர் பலமுறை விட்டுப் போனார், திரும்ப அழைத்து வரப்பட்டார். 1880 வரை வாழ்ந்தார். இரைப்பைக்குத்தான் செரிமானத்தின் முழுப் பெருமையும் போய்ச் சேர்ந்ததற்கு, அந்த உறுப்பைத்தான் முதலில் ஜன்னல் திறந்தாற்போலப் பார்க்க முடிந்தது என்பதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கணையமும் சிறுகுடலும் உள்ளே மறைந்து கிடந்தன.

இரைப்பை செய்கிற வேலைகளைச் சொல்கிறேன், எது போனால் என்ன ஆகும் என்று நீங்களே பார்க்கலாம். அது ஒரு பை, வெறுமையாக இருக்கும்போது சுருங்கிக் கிடக்கும், சாப்பிடும்போது விரிந்து ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தாங்கும். அதனால்தான் நாம் பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு நாலு மணி நேரம் வேறு வேலை பார்க்க முடிகிறது. அடுத்தது, அது அரைக்கும் கருவி. அதன் கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு மூன்று முறை சுருங்கி, உணவை வாசல் வரை தள்ளி, வாசலை மூடி, திரும்பப் பின்னால் பீய்ச்சி அடித்து, மறுபடி தள்ளும். திட உணவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நொறுங்கும்வரை விடாது. பிறகு அமிலம். ஹைட்ரோகுளோரிக் அமிலம், அமிலத்தின் கடுமையைச் சொல்லும் பிஎச் அளவு 1.5 வரைகூட இறங்கும் (எண் குறையக் குறைய அமிலம் கடுமை). உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்வது அதன் வேலை. சுருண்டு மடங்கிக் கிடக்கிற புரதச் சங்கிலியை விரித்துவிடுவதும், பெப்சின் என்ற நொதியைத் தூண்டிவிடுவதும் அதன் வேலை. விரிந்த புரதத்தை வெட்டுவது பெப்சின். ஆனால் அது முழு வெட்டு கிடையாது. புரதச் செரிமானத்தில் பத்திலிருந்து இருபது சதவீதம்தான் இரைப்பையில் நடக்கிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மாவுச்சத்துக்கென்று இரைப்பை எந்த நொதியையும் சுரப்பதில்லை. கொழுப்புக்கு ஒரு நொதி உண்டு, அதன் பங்கும் சிறியதுதான். உறிஞ்சுவது என்று பார்த்தால் கொஞ்சம் மது, ஆஸ்பிரின் போன்ற சில மருந்துகள், அவ்வளவுதான்.

இறைச்சியைச் செரிக்கிற பை தன்னையே ஏன் செரித்துக்கொள்வதில்லை என்று மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். நல்ல கேள்வி. இரைப்பையின் உள்சுவர் மீது கெட்டியான ஒரு கோழைப் படலம் படர்ந்திருக்கிறது, அதற்குள் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் கசிந்துகொண்டே இருக்கும். மேலே கடும் அமிலம், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தப் படலத்துக்கு அடியில் செல்களை ஒட்டிய இடத்தில் ஏறக்குறைய நடுநிலை. அதையும் மீறிச் சேதமாகிற செல்களுக்குப் பதிலாகச் சில நாட்களுக்கு ஒருமுறை புதிய செல்கள் மேலே வந்துவிடும். அப்புறம், பெப்சினைச் சுரக்கும் செல்கள் அதைப் பெப்சினாகச் சுரப்பதில்லை. உறையில் போட்ட கத்தியைப் போலப் பெப்சினோஜன் என்ற செயலற்ற வடிவத்தில் வெளியே அனுப்புகின்றன. அமிலத்தில் பட்ட பிறகுதான் உறை கழலும். இந்தக் காவல் தளர்ந்தால் புண் வரும். வலி மாத்திரைகள் சிலவற்றை நீண்ட நாள் சாப்பிடுவது கோழைப் படலத்தைப் பலவீனமாக்கும். இன்னொரு காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரைப்பை வாசலைத் தாண்டி, கூழாகிப்போன உணவு கொஞ்சம் கொஞ்சமாக முன்சிறுகுடலுக்கு வருகிறது. வெட்டு வேலை முழு வேகத்தில் தொடங்குவது இங்கேதான். கணையம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் சாறு அனுப்புகிறது. புரதத்துக்கு டிரிப்சின் போன்றவை, மாவுச்சத்துக்கு இன்னொரு அமைலேஸ், கொழுப்புக்கு லிப்பேஸ், எல்லாமே அதில் உண்டு. கூடவே அமிலத்தை முறிக்கப் பைகார்பனேட்டும் ஏராளமாக வருகிறது. இந்தக் கத்திகளுக்கு அமிலமே ஆகாது, அமிலம் முறிந்தால்தான் அவை வெட்டும். செரிமானத்தின் பெரும்பகுதி அமிலம் போன பிறகு நடக்கிறது, இதைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். டிரிப்சினும் உறையோடுதான் கிளம்புகிறது, குடல் சுவரில் உள்ள இன்னொரு நொதி வந்து உறையைக் கழற்றும். கணையத்துக்குள்ளேயே உறை கழன்றுவிட்டால் கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கும், அதுதான் கடும் கணைய அழற்சி. எவ்வளவு ஆபத்தான நோய் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உணவு வந்திருக்கிறது என்று கணையத்துக்கு யார் சொல்கிறார்கள்? நரம்புகள்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1902இல் லண்டனில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் இருவரும் மயக்க நிலையில் இருந்த ஒரு நாயின் குடல் துண்டில் நரம்புத் தொடர்பு முழுவதையும் அறுத்துவிட்டு அதில் அமிலம் விட்டுப் பார்த்தார்கள். நரம்பே இல்லாமலும் கணையம் சுரந்தது. குடலின் உள்படலத்தைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து வடிகட்டி ரத்தக் குழாயில் ஏற்றினார்கள், மறுபடியும் சுரந்தது. குடல் ஏதோ ஒரு பொருளை ரத்தத்தில் கலந்து செய்தி அனுப்புகிறது என்று புரிந்தது. அதற்குச் செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். ஹார்மோன் என்ற சொல்லையே மூன்று வருடம் கழித்து ஸ்டார்லிங்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கொழுப்பும் புரதமும் வந்தால் இன்னொரு ஹார்மோன் கிளம்பிப் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். பித்தநீரில் செரிக்கும் நொதி ஏதும் கிடையாது. பாத்திரத்து எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு உடைப்பதுபோல அது கொழுப்பைச் சின்னச் சின்னத் துளிகளாக உடைத்துக் கொடுக்கும், லிப்பேஸ் வந்து வெட்டும். வேலை முடிந்த பித்த உப்புகளில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிப் போய்விடும்.

கடைசி வெட்டு குடல் சுவரிலேயே நடக்கிறது. சுவர் முழுக்க விரல் போன்ற உறிஞ்சிகள், ஒவ்வொரு உறிஞ்சியின் செல்களிலும் தூரிகை மயிர்போல அதைவிட நுண்ணிய நீட்சிகள், அந்த நீட்சிகளில் பதிந்த நொதிகள். முன்னே சொன்ன சர்க்கரை ஜோடியை வெட்டுவது இங்கேதான். பால் சர்க்கரையை வெட்டும் லாக்டேசும் இங்கேதான் இருக்கிறது, உலகப் பெரியவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது வயது ஏற ஏறக் குறைந்துவிடுகிறது. சிறுகுடலின் பரப்பளவு ஒரு டென்னிஸ் மைதானம் அளவு என்று நானே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது செரிமானப் பாதை முழுவதற்கும் சுமார் 32 சதுர மீட்டர்தான் வந்தது, அரை பேட்மின்டன் மைதானம் அளவு. எப்படி அளக்கிறோம், எந்த நுணுக்கம் வரை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும், அதனால் இதைக் கல்வெட்டுபோல எடுத்துக்கொள்ள வேண்டாம். இடம் ஏராளம் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. வெட்டுண்ட குளுக்கோஸ் சோடியத்தோடு ஜோடி சேர்ந்துதான் செல்லுக்குள் ஏறும், கூடவே தண்ணீரும் இழுபட்டுப் போகும். வயிற்றுப்போக்கின்போது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிரைக் காப்பாற்றுவது இந்த ஒரு காரணத்தால்தான். சர்க்கரையும் அமினோ அமிலமும் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பில் பெரும்பகுதி மட்டும் நிணநீர்க் குழாய் வழியாகச் சுற்றிக்கொண்டு கழுத்தருகே ரத்தத்தில் கலக்கிறது.

பெருங்குடலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மிச்சமான தண்ணீரை உறிஞ்சுவது, நம் நொதிகளால் வெட்ட முடியாத நார்ச்சத்தைப் பாக்டீரியாக்களுக்குக் கொடுத்து அவை தரும் சிறு கொழுப்பு அமிலங்களை வாங்கிக்கொள்வது. இந்தப் பாக்டீரியாக்களைப் பற்றி இப்போது ஏகப்பட்ட வாக்குறுதிகள் காதில் விழுகின்றன. மனநிலை முதல் உடல் பருமன் வரை எல்லாவற்றோடும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வுகள் வருகின்றன. ஆனால் தொடர்பு இருக்கிறது என்பதும் அதுதான் காரணம் என்பதும் ஒன்றில்லை, இந்த ஒரு விஷயத்தில் நிதானமாக இருங்கள். நம் செல்களைவிட அவை பத்து மடங்கு அதிகம் என்ற பழைய கணக்குகூட 2016இல் திருத்தப்பட்டு, ஏறக்குறைய சமம் என்று ஆகிவிட்டது.

இப்போது மாமாவிடம் வருவோம். பெரும்பாலான முழு நீக்க அறுவைகளில் உணவுக்குழாயைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைத்துவிடுவார்கள். கணையச் சாறும் பித்தமும் தனிக் கிளையாக வந்து கொஞ்சம் கீழே கலந்துகொள்ளும். வெட்டும் கத்திகளில் பெரும்பாலானவை அப்படியே இருக்கின்றன, உறிஞ்சும் சுவரும் இருக்கிறது. அதனால்தான் அவருக்குச் செரிக்கிறது. இது புதிய அதிசயமும் கிடையாது. 1897இல் சூரிச் நகரில் கார்ல் ஷ்லாட்டர் என்ற அறுவை மருத்துவர் ஒரு பெண்மணியின் இரைப்பையை முழுவதும் நீக்கினார், அவர் ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்.

போனது கிடங்கும் அரைக்கும் கருவியும் வாயிற்காவலும்தான். கிடங்கு இல்லாததால் ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது, ஐந்தாறு வேளையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். அரைக்க ஆளில்லாததால் அந்த வேலை பற்களுக்கு வந்துவிட்டது. வாயிற்காவல் இல்லாததால், குறிப்பாக இனிப்பு சாப்பிட்டால் அது மொத்தமாகக் குடலில் போய் விழும்; குடல் அதை நீர்க்கச் செய்ய உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும், அரை மணி நேரத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றைப் பிசைதல், பேதி எல்லாம் வரும். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து இன்சுலின் எகிறி ரத்தச் சர்க்கரை இறங்கிவிடுவதும் உண்டு. உணவும் சாறுகளும் சந்திக்கும் நேரம் முன்போலப் பொருந்தாததால் கொழுப்பு கொஞ்சம் வீணாகும், எடை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். கிருமிகளைத் தடுத்த அமிலமும் இல்லை, அதனால் கெட்டுப்போன சாப்பாடு அவருக்கு மற்றவர்களைவிட ஆபத்து.

இரைப்பை செய்த ஒரே ஒரு வேலையை வேறு எந்த உறுப்பும் செய்யாது. வைட்டமின் பி12ஐப் பிடித்துக்கொண்டு போய்ச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சேர்ப்பிக்கும் ஒரு புரதத்தை இரைப்பைதான் சுரக்கிறது. அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் தேவையான அளவு பி12 உள்ளே ஏறாது. கல்லீரலில் சில வருடத்துக்கான சேமிப்பு இருப்பதால் உடனே ஒன்றும் தெரியாது, அதுதான் பயம். நன்றாகத்தானே இருக்கிறார் என்று பி12 ஊசியைப் போடாமல் விட்டுவிடுவார்கள், பிறகு ரத்தசோகையும் கால் மரத்துப்போவதும் வரும், நரம்புக் கோளாறு முற்றினால் முழுசாகத் திரும்பாமலும் போகலாம். வாழ்நாள் முழுக்க ஊசியோ, மருத்துவர் சொன்னால் அதிக அளவு மாத்திரையோ தேவை. இரும்பும் கால்சியமும் உறிஞ்சப்படுவது குறையும் என்பதால் அவற்றையும் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். தயவுசெய்து அவரிடம் கடைசியாக எப்போது பி12 போட்டார்கள் என்று கேளுங்கள்.

தண்ணீர் விஷயம். இரைப்பை நலமாக உள்ள உங்களுக்கு, சாப்பாட்டுக்கு நடுவே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் செரிமானம் கெடாது. தண்ணீர் திட உணவைவிட மிக வேகமாக இரைப்பையை விட்டு இறங்கிவிடும். அமிலத்தன்மை குறைந்தால் அதை உணர்ந்து இன்னும் சுரக்கச் சொல்லும் ஏற்பாடும் இரைப்பையிலேயே இருக்கிறது. அப்படியே கொஞ்சம் நீர்த்தாலும் பெரிய வெட்டு நடப்பது அமிலத்தை முறித்த பிறகுதான் என்று பார்த்தோம். மாமாவுக்கு மட்டும் இந்தப் பதில் பொருந்தாது. அவருக்கு அமிலமே கிடையாது, ஆனால் சாப்பாட்டோடு குடிக்கும் தண்ணீர் உணவை இன்னும் வேகமாகக் குடலுக்குள் அடித்துக்கொண்டு போய்விடும். அவர் சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ பின்போ, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும்.